ஃபோர்டு ஹாட் ராட்: வீட்டு கராஜில் கட்ட எந்த பாடி, எந்த சேஸி, எந்த எஞ்சின்?

1932ஆம் ஆண்டின் ஃபோர்டு காரையோ அதற்கு முந்தைய மாடல் ஏ காரையோ எடுத்து, மட்கார்டுகளையும் பானட்டையும் கழற்றி எடையைக் குறைத்து, முன்பக்கத்தைத் தாழ்த்தி, அந்தக் காருக்கு உரியதைவிட வலுவான எஞ்சின் ஒன்றைப் பொருத்தினால், அமெரிக்கர்கள் அதை ஹாட் ராட் என்கிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் முரோக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்ப்பதற்காக இளைஞர்கள் இந்த வழக்கத்தை வளர்த்தார்கள்; 1937இல் அவர்களுடைய கிளப்புகள் கூடித் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. அன்றைய இளைஞர்கள் பழைய இரும்புக் கடையில் அகப்பட்டதைக் கொண்டு கட்டினார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்க வேண்டிய நிலை அவர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. இன்று அதே காரைக் கட்ட விரும்புபவருக்குப் தகட்டை அழுத்திப் புதிதாகச் செய்த இரும்பு பாடியும் கிடைக்கிறது, ஃபைபர் பாடியும் கிடைக்கிறது, தயார் நிலையில் பெட்டிக்குள் வரும் எஞ்சினும் கிடைக்கிறது. வேலை தொடங்கும் முன்பே பலர் திணறுவது இந்தத் தேர்வுகளில்தான்.

இங்கே நான் ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளும் அளவுகோல், லிஃப்டும் பெயிண்ட் அறையும் இல்லாத ஒரு கராஜில், வார இறுதிகளில் மட்டும் வேலை செய்யும் ஒருவரால் முடித்து ஓட்டக்கூடியது எது என்பதாகும். கண்காட்சியில் பரிசு வாங்கும் காரைக் கட்டுபவருக்கு என் முடிவுகள் பொருந்தாமல் போகலாம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்ற தேர்வுகளை அது ஓசையின்றிக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்க வீடுகளில் இரண்டு கார் நிறுத்தும் கராஜ் ஏறக்குறைய 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள சதுரமாக இருக்கும். முழுமையான ஹாட் ராட் ஒன்று இதில் தாராளமாக அடங்கும். ஆனால் பாடியைச் சேஸியிலிருந்து தூக்கிய நாளிலிருந்து அது இரண்டு கார்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும், எஞ்சின் ஸ்டாண்டும் வெல்டிங் மேசையும் வந்து சேர்ந்தால் குடும்பத்தின் கார் வெயிலில்தான் நிற்கும். இதைவிடக் கவனிக்க வேண்டியது, பல வீடுகளில் எரிவாயு வாட்டர் ஹீட்டரும் இதே கராஜில் இருப்பது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து பரவும். அதனால்தான் கராஜில் வைக்கும் ஹீட்டரின் தீ மூட்டும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே கட்டட விதிகள் சொல்கின்றன. பழைய பெட்ரோல் டாங்கைக் கழற்றும் வேலையை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்வதே நல்லது. பெயிண்டையும் கராஜுக்குள் அடிக்கும் வேலையாக நான் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைய இரு கூறு பெயிண்டுகளின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பட்டி பூசித் தேய்த்து பிரைமர் வரை செய்துவிட்டு, கடைசிப் பூச்சை வெளியே கொடுப்பது செலவானாலும் அறிவுடைய செயல்.

எந்த ஆண்டின் கார் என்பது அடுத்த கேள்வி. ஹாட் ராட் என்றதும் பலருடைய மனத்தில் எழுவது 1932ஆம் ஆண்டின் ஃபோர்டுதான். அதைச் செல்லமாக ‘டியூஸ்’ என்பார்கள். சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினை (வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்டது) முதன்முதலில் கொண்டுவந்த கார் அது; 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட அந்த எஞ்சின் அன்றைக்குப் பெரிய செய்தி. அழகுக்கும் காரணம் உண்டு. அந்த ஆண்டு ஃபோர்டு சேஸியின் பக்கங்களை மறைப்புத் தகடு வைத்து மூடாமல், நீளவாட்டில் ஓடும் ஓர் அழுத்துக் கோட்டோடு பார்வைக்கே விட்டது. எனவே மட்கார்டைக் கழற்றினாலும் அந்தக் கார் உரித்ததுபோலத் தெரியாமல் ஒழுங்காகவே இருக்கும். அந்த வடிவம் ஒரே ஆண்டில் நின்றுவிட்டது. அதிலும் அது பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டு. அசல் டியூஸ் ரோட்ஸ்டரின் (நிலையான கூரை இல்லாத திறந்த காரின்) பாடி இன்று சாதாரணத் தொழிலாளியின் பட்ஜெட்டில் இல்லாததற்கு இவையே காரணங்கள்.

மாடல் ஏ காரின் கதை வேறு. 1927இன் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தியில் 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் பாடிகளும் கதவுகளும் பழைய பொருள் சந்தைகளில் வந்துகொண்டே இருக்கின்றன, அடிப்பகுதி துருப்பிடித்திருந்தால் வெட்டி ஒட்டுவதற்கான தகடுகளும் புதிதாகக் கிடைக்கின்றன. அதன் சக்கர இடைவெளி 103.5 அங்குலம், டியூஸின் இடைவெளி 106 அங்குலம். தாளில் இந்த இரண்டரை அங்குலம் சிறியதாகத் தெரியும். வி8 எஞ்சினையும் ரேடியேட்டரையும் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் அருமை புரியும். ஓட்டுபவர் உட்காரும் இடமும் மாடல் ஏயில் நெருக்கமானது. ஆறடி உயரமுள்ளவர் வாங்குவதற்கு முன் ஒருமுறை ஏறி உட்கார்ந்து, கால் பெடலை மிதிக்கும் நிலையில் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மாடல் ஏயில் இன்னொரு தனித்தன்மை இருக்கிறது. அதன் பெட்ரோல் டாங்க் காரின் பின்புறத்தில் இருக்காது. கண்ணாடிக்கு முன்னால், டேஷ்போர்டுக்குப் பின்னால், பயணிகளின் முழங்காலுக்கு நேர் மேலே இருக்கும். பெட்ரோல் தானாகவே கார்பரேட்டருக்கு இறங்கட்டும் என்று செய்த எளிய ஏற்பாடு அது, பம்ப் தேவையில்லை. ஆனால் அந்த டாங்கின் மேற்பரப்பே பாடியின் வெளித்தோற்றமாகவும் இருப்பதால் அதைக் கழற்றி எறிந்துவிட முடியாது. பெரும்பாலோர் அதை வெறும் கூடாக விட்டுவிட்டு, சீட்டுக்குப் பின்னால் புதிய டாங்க் வைக்கிறார்கள். வேகமான எஞ்சினைப் பொருத்திய பிறகு மடிமேல் பெட்ரோலைச் சுமந்துகொண்டு ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாடிக்கு மூன்று வழிகள். அசல் இரும்பு, புதிய இரும்பு, ஃபைபர். விலை குறைவு என்பதற்காக ஃபைபரைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதற்கு உள்ளே இரும்புச் சட்டகம் தேவை என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கதவின் கீல், பூட்டு, சீட் பெல்ட் ஆகியவை எல்லாம் அந்தச் சட்டகத்தில்தான் பிடிப்புக் கொள்கின்றன, அதை ஒழுங்காகச் செய்யாத மலிவான பாடியில் கதவு சில மாதங்களிலேயே தொங்கிவிடும். நல்ல நிறுவனத்தின் ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, வெல்டிங் தெரியாதவருக்கு ஏற்றது, தொடங்கிய வேகத்தில் முடியும். ஆனால் விற்கும்போது வாங்குபவர் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார்; அந்த ஓசையில் விலை இறங்கும்.

புதிய இரும்பு பாடி இன்று ஒரு நிலைபெற்ற தொழிலாக இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் புரூக்வில் நிறுவனம் மாடல் ஏ, 1932 ரோட்ஸ்டர் பாடிகளைத் தகட்டை அழுத்திச் செய்து விற்கிறது. யுனைடெட் பசிஃபிக் நிறுவனம் 1932இன் ஐந்து ஜன்னல் கூப் (நிலையான கூரையுள்ள இரு கதவுக் கார்) பாடியைச் செய்கிறது. விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டினாலும் அசல் டியூஸின் விலையோடு ஒப்பிட்டால் அது நியாயமானதே. டியூஸ்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு இதுவே சரியான வழி என்பது என் கருத்து. அசல் டியூஸ் பாடி என்ற பெயரில் குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் நான்கைந்து கார்களின் துண்டுகளை ஒட்டவைத்த பாடியாகத்தான் இருக்கும். அதை நேராக்கும் டிங்கரிங் வேலைக்குப் பழகிய கையும் மிகுந்த பொறுமையும் வேண்டும்.

மாடல் ஏ என்றால் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். அசல் பாடி மலிவாகவும் நிறையவும் கிடைக்கும்போது புதியதை வாங்க வேண்டியதில்லை. இதிலும் ரோட்ஸ்டருக்கும் கூப்புக்கும் வித்தியாசம் உண்டு: ரோட்ஸ்டரில் மரம் குறைவு, கூப்பின் கூரைச் சட்டகத்தில் மரம் அதிகம். பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும் கூப்பைக் கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். கதவு கீலோடு சேர்ந்து மேலே அசைந்தால், கீலும் தூணும் தேய்ந்திருக்கின்றன அல்லது உள்ளே இருக்கும் மரம் உளுத்திருக்கிறது. இரண்டும் சரிசெய்யக்கூடியவையே, ஆனால் தச்சு வேலையையும் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

சேஸியைப் பற்றி அதிகம் வாதிட இடமில்லை. மாடல் ஏயின் அசல் சேஸி 40 குதிரைத்திறனுக்காகச் செய்த மெல்லிய திறந்த சேனல். வி8 எஞ்சினின் முறுக்கு விசையில் அது வளைந்து நெளியும். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டிச் சட்டமாக்கி, நடுவில் புதிய குறுக்குச் சட்டமும் வைக்க வேண்டும். இந்த வெல்டிங்கை ஒரே மூச்சில் நீளமாகப் போட்டால் சூட்டில் சட்டம் வாழைப்பழமாக வளைந்துவிடும். சேஸியை மேசையோடு இறுகக் கட்டி, ஓரங்குலம் இங்கே, ஓரங்குலம் எதிர்முனையில் என்று மாற்றி மாற்றிப் போட்டு, மூலைவிட்டங்களை அவ்வப்போது டேப் வைத்து அளந்துகொண்டே போக வேண்டும். இதற்கு 240 வோல்ட் மிக் வெல்டரும் அதைப் பிடித்துப் பழகிய கையும் இல்லாதவர், சதுரமாகக் கட்டி முடித்த புதிய சேஸியை வாங்கிவிடுவது நல்லது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் தாங்கி நிற்கும் பகுதியில் கற்றுக்குட்டி வெல்டிங் கூடாது. மாடல் ஏ பாடியை 1932 சேஸிமேல் வைக்கும் வழக்கமும் உண்டு. அழகான கலவைதான், ஆனால் இரண்டின் அகலமும் வளைவும் பொருந்தாது, பாடியின் அடிச்சட்டத்தை வெட்டித் திருத்த வேண்டும்.

எஞ்சினைக் கடைசியாக வாங்கலாம். ஆனால் எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எஞ்சின் மவுண்ட், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு), பெடல், ஸ்டியரிங் பெட்டி, ரேடியேட்டர் ஆகியவை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். பானட் இல்லாத காரில் எஞ்சின் வெளியே தெரியும் என்பதால் தோற்றமும் பொறியியலோடு சமமாகக் கணக்கில் வருகிறது.

மரபு வழியில் போவோர் கேட்பது ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சினை. அமெரிக்காவில் 1953 வரை அது உற்பத்தியானது. ஹாட் ராட் கட்டுவோர் 1949 முதல் 1953 வரையிலான 8பிஏ வகையை அதிகம் விரும்பக் காரணம், சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் எட்டிக் கைவைக்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்பதும், கிளட்சை மூடும் பெல் ஹவுசிங் தனியாகக் கழலுவதும் ஆகும். அதன் 239 கன அங்குலம் 100 குதிரைத்திறன் தந்தது. அதே காலத்து மெர்க்குரி காரின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) தரும் கிராங்கைப் போட்டு, சிலிண்டரை 3 5/16 அங்குல விட்டத்துக்குக் குடைந்தால் 276 கன அங்குலம் ஆகிறது. இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்பரேட்டரும் பளபளக்கும் அலுமினிய ஹெட்டுகளும் வைத்த அந்த எஞ்சினின் தோற்றத்துக்கு ஈடு கிடையாது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

சிக்கல் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்குக்குள், வி வடிவத்தின் உட்பள்ளத்தில் அமர்ந்திருக்கின்றன. எரிந்த வாயு அங்கிருந்து வெளிப்பக்கத்துக்கு வர வேண்டுமானால் சிலிண்டர்களுக்கு இடையே பிளாக்கைக் குடைந்துகொண்டுதான் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரே துவாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தச் சூடு முழுவதும் சுற்றியுள்ள தண்ணீருக்குப் போகிறது. இரண்டு வாட்டர் பம்ப், இரண்டு தெர்மோஸ்டாட், இரண்டு வாயுள்ள ரேடியேட்டர் என்று எல்லாவற்றையும் இரட்டிப்பாகக் கொடுத்தும் ‘ஃபிளாட்ஹெட் கொதிக்கும்’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயரில் பாதி அநியாயம். பல பிளாக்குகளில் தண்ணீர்ப் பாதைக்குள் வார்ப்படத்தின் மணலும் கம்பியும் எழுபது ஆண்டுகளாக அடைத்துக்கொண்டு கிடக்கின்றன; ரசாயனத் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீர்த் துவாரங்கள் வழியாகக் கம்பி விட்டுக் குடைந்தால் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டும். அதை எடுத்த பிளாக் ஒழுங்கான ரேடியேட்டரோடு சேர்ந்தால் ஊர்வலத்தில்கூடக் கொதிப்பதில்லை.

விரிசல்தான் உண்மையான ஆபத்து. வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில், தண்ணீர்த் துவாரத்துக்கும் ஸ்டட் துளைக்கும் இடையில் விரிசல் விடுவது இந்த எஞ்சினின் வழக்கம். கண்ணுக்குத் தெரியாது, பிளாக்கைக் கழுவிக் காந்தப் பொடி தூவும் மாக்னாஃப்ளக்ஸ் சோதனையில்தான் கோடாகத் தெளியும். ஸ்டட் துளையருகே உள்ள சிறு விரிசலுக்கு வார்ப்பிரும்பு ஆணி அடித்துத் தைத்துவிடலாம், விரிசல் சிலிண்டருக்குள் இறங்கிய பிளாக்கை வாங்காமலே விட்டுவிட வேண்டும். விற்பவர் ‘பத்து வருஷம் முன்னால் நன்றாக ஓடியது’ என்று சொல்வது இதற்குச் சான்றாகாது. இதற்கெல்லாம் பிறகு மெஷின் ஷாப்பில் செலவு செய்து 276 கன அங்குலத்தில் 150 குதிரைத்திறன் வாங்கினாலே அது நல்ல வேலை.

அதே பணத்தில் பாதி கொடுத்தால் செவர்லேயின் சிறிய பிளாக் வி8 கிடைக்கும் என்பதுதான் 1950களின் இறுதியிலிருந்தே ஃபிளாட்ஹெட்டை வீழ்த்திய வாதம். 1955இல் 265 கன அங்குலத்தில் 162 குதிரைத்திறனோடு வந்த அந்த எஞ்சின், 1967இல் 350 கன அங்குலமாக வளர்ந்தது. வால்வுகள் ஹெட்டில் இருப்பதால் புகை நேராக வெளியேறிவிடும், சூட்டுத் தொல்லை குறைவு. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டியில் அடைத்து விற்கும் 350, 290 குதிரைத்திறன் தரும். ஆயிரம் கிலோவைச் சுற்றி வரும் ஒரு ரோட்ஸ்டருக்கு அதுவே தேவைக்கு மேல். கேஸ்கெட் முதல் கேம் வரை எந்த ஊர்க் கடையிலும் அன்றைக்கே வாங்கலாம். வீட்டு கராஜில் இதன் மதிப்பு மிகப் பெரியது, ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருக்கும்போதுதான் பல கார்கள் போர்வைக்குள் போய்விடுகின்றன.

இதன் குறை டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருப்பது. மாடல் ஏயில் அது ஃபயர்வாலில் இடிக்கும். ஒன்று ஃபயர்வாலைக் குழிவாக வெட்ட வேண்டும், அல்லது எஞ்சினை முன்னே தள்ளி, 1968 வரை வந்த குட்டையான வாட்டர் பம்பைத் தேடிப் போட்டு, ரேடியேட்டரோடு விரலளவு இடைவெளியில் முடிக்க வேண்டும். ஃபோர்டு காரில் செவர்லே எஞ்சின் என்பதைச் சிலர் மதமாற்றம் போலப் பேசுவார்கள். அவர்களுக்கு ஃபோர்டின் 302 கன அங்குல வி8 இருக்கிறது. 1968இல் வந்த அது செவர்லே எஞ்சினைவிட ஏறக்குறைய 100 பவுண்டு இலகுவானது, டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருப்பதால் ஃபயர்வால் தப்பும். முன்பக்க நீளம் மட்டும் நெருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8 ஆன எல்எஸ் எஞ்சினைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997இன் கார்வெட்டில் அறிமுகமாகி, பிறகு பிக்கப் லாரிகளில் 4.8, 5.3 லிட்டர் அளவுகளில் ஏராளமாக வந்த இதைப் பழைய வண்டிகளை உடைக்கும் இடங்களில் மலிவாக எடுக்கலாம். சக்தியிலும் மைலேஜிலும் மற்ற மூன்றையும் விஞ்சும். ஆனால் கணினி, சென்சார், ஏறக்குறைய 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் தரும் பம்ப், ஆக்சிஜன் சென்சாருக்கு ஏற்ற சைலன்சர் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது எஞ்சினில் மிச்சம் பிடித்தது வயரிங்கில் போய்விடும். தோற்றத்தில் பிளாஸ்டிக்கும் வயரும் தெரியும் அந்த எஞ்சினை 1930களின் கிரில்லுக்குப் பின்னால் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. நெடுந்தூரம் ஓட்டுபவர், பானட்டை மூடி வைத்து ஓட்டட்டும்.

கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் எஞ்சினைப் பின்தொடரும். 1939 ஃபோர்டின் மூன்று கியர் பெட்டியும் பழைய பான்ஜோ ஆக்சிலும் ஃபிளாட்ஹெட்டுக்குப் போதும், 350இன் முறுக்குக்கு முன்னால் அந்தக் கியர்களின் பல் உதிரும். போர்க் வார்னரின் டி5 ஐந்து கியர் பெட்டியை, அதிலும் செவர்லே எஸ்10 பிக்கப்பில் வந்ததை, இரண்டு பக்கத்தாரும் விரும்புகிறார்கள். அதன் கியர் லீவர் முன்தள்ளி இருப்பதால் சீட்டுக்கு அடியில் போகாது. பிரேக்கில் பேரம் வேண்டாம். கம்பி இழுப்பில் இயங்கும் மாடல் ஏ பிரேக்கை விட்டுவிட்டு, குறைந்தது 1939க்குப் பிந்தைய ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்காவது வைக்க வேண்டும்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் எடைபோட்டு நான் கைகாட்டுவது, அசல் மாடல் ஏ ரோட்ஸ்டர் பாடி, வாங்கிய புதிய சேஸி, 8பிஏ, டி5 ஆகிய சேர்க்கையை. அந்த 8பிஏ மாக்னாஃப்ளக்ஸ் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது கட்டாய நிபந்தனை. தாண்டாவிட்டால் இரண்டாவது பிளாக்கைத் தேடி ஒரு குளிர்காலத்தை இழப்பதைவிட 302க்குப் போவது மேல். வாரம் முழுவதும் வேலைக்கு ஓட்டிச் செல்ல நினைப்பவர் இந்த விவாதத்தைத் தாண்டி நேரே 350க்குப் போகலாம். பணம் குறைவாகவும் நேரம் நிறையவும் உள்ளவருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு: வேறொருவர் பாதியில் விட்ட காரை வாங்குவது. ஆரம்பித்தவர் பாகங்களுக்குச் செலவு செய்த தொகை பெரும்பாலும் விற்கும்போது திரும்பாது. ஆனால் அவருடைய வெல்டிங்கை நீங்கள் நம்பியாக வேண்டும், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எண்ணியாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும் பணம் கைமாறும் முன் எண்களைப் பார்க்க வேண்டும். மாடல் ஏயில் எஞ்சினில் அடித்த எண்ணே இடப்பக்கச் சேஸியிலும் இருக்கும். அது பாடிக்கு அடியில் மறைந்திருப்பதால் பாடியைத் தூக்காமல் தெரியாது. நம்மூர் ஆர்சி புத்தகம் போன்ற உரிமைப் பத்திரம் பழைய எஞ்சின் எண்ணின் பேரில் இருந்து, அந்த எஞ்சின் எப்போதோ போய்விட்டிருந்தால், பத்திரத்துக்கும் வண்டிக்கும் இடையே எந்த உறவும் எஞ்சியிருக்காது. பழைய எண்ணை வெட்டிப் புதிய சேஸியில் ஒட்டுவது குற்றம். புதிய சேஸியோ புதிய பாடியோ வைத்தால் பல மாநிலங்களில் அது சிறப்பாகக் கட்டப்பட்ட வண்டியாகப் பதிவாகும், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிஃபோர்னியாவில் இத்தகைய வண்டிகளுக்கு, பாடி எந்த ஆண்டைப் போலிருக்கிறதோ அந்த ஆண்டின் புகை விதியைக் கொடுக்கும் சலுகை உண்டு. ஆனால் அது ஆண்டுதோறும் முதலில் விண்ணப்பிக்கும் 500 வண்டிகளுக்கு மட்டுமே. எனவே அங்கே கட்டுபவர் கார் முடியும் மாதத்தை முன்கூட்டியே திட்டமிட்டு, ரசீதுகள் எல்லாவற்றையும் கோப்பில் சேர்த்து, ஜனவரியின் முதல் நாட்களிலேயே விண்ணப்பத்தோடு போய் நிற்க வேண்டும்.